அப்பா பார்க்காத கிரகணம்

1

நேற்று பால் பவுடர் வாங்கக் கிளம்பினேன். வெளியே பனி. அலமாரியில் கைக்கு அகப்பட்ட மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு படி இறங்கும்போது, பைக்குள் ஏதோ அட்டை இடறியது. எடுத்துப் பார்த்தால் கிரகணக் கண்ணாடி. அட்டையில் வெட்டிய சட்டம், கண்ணுக்கு இரண்டு கறுப்புத் தாள். ஆகஸ்டில் வைத்தது, டிசம்பர் வரை அங்கேயே மடங்கிக் கிடந்திருக்கிறது. ஒரு காது ஒடிந்துபோயிருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடை மூடும் நேரம் தாண்டிப்போனது. இந்த ஊரில் கடை மூடினால் மூடியதுதான். நம் தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோடு மாதிரி பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து, "அண்ணே, ஒரே ஒரு டின்" என்று கேட்க முடியாது. வெறுங்கையோடு மேலே போனேன். என் மனைவி உமா கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பக்கத்து வீட்டில் கடன் வாங்கப் போய்விட்டாள்.

எங்கள் மகளுக்கு இன்னும் ஒரு மாதம் நிறையவில்லை. நன்றாக இருக்கிறாள். டாக்டர் அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். சிணுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தச் செய்தியை உடனே தாம்பரத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுநாளே அம்மா குன்றத்தூர் மலைக்குப் போய் முருகனிடம் வைத்திருந்த வேண்டுதலை முடித்துவிட்டு வந்தாள். டார்ச் அடித்ததற்கும் வேண்டுதலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைத்தான் எழுதப் போகிறேன். ஜெர்மனியில் இந்த மியூனிக் நகரத்துக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. பனி, ரயில், ரொட்டி என்று எவ்வளவோ பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன். ஆனால் அதிர்ந்துபோனது ஒரே ஒரு மத்தியானம்தான். நாலு மாதம் ஆகியும் அந்த அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை.

2

அப்பா சயின்ஸ் வாத்தியார். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்துப் போன வருடம்தான் ஓய்வு பெற்றார். பெயர் சோமசுந்தரம். இங்கே அந்தப் பெயர் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் என்று அயல்நாட்டவர் அலுவலகத்தில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அங்கிருந்த அம்மாள் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருப்பதைத் தாங்கவே முடியாதவர். அப்பா பெயரை எடுத்து அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து ஆபீஸில், வங்கியில், கீழ்வீட்டில் எல்லோருக்கும் நான் ஹெர் சோமசுந்தரம். 'ஹெர்' என்றால் 'திரு'. முதல் ஆறு மாதம், யாராவது கூப்பிட்டால் அப்பா எங்கே என்று திரும்பிப் பார்ப்பேன்.

கிரகணப் பாடம் அப்பாவின் ஸ்பெஷல். அதற்காகவே ஒரு ரப்பர் பந்து, ஒரு எலுமிச்சம்பழம், நாலு பேட்டரி டார்ச். ஜன்னலையெல்லாம் சாத்தச் சொல்லிவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் எலுமிச்சம்பழத்தைப் பந்துக்கு முன்னால் நகர்த்துவார். நாற்பது பையன்களும் மூச்சு விடாமல் பார்ப்போம். பிறகு கரும்பலகையில் ஒரு வட்டம் போடுவார். வட்டத்தைச் சுற்றி மஞ்சள் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்து, விரலால் வெளிப்பக்கமாக இழுத்துவிடுவார். வட்டம் தகதகவென்று எரிகிற மாதிரி இருக்கும்.

"இதான்டா கரோனா. சூரியனோட கிரீடம். முழு கிரகணத்தன்னைக்கு மட்டும்தான் கண்ணுல படும். பாத்தவன் குடுத்து வச்சவன்."

பின் பெஞ்சில் குமார் என்று ஒருவன். ஒருநாள் எழுந்து கேட்டான்: "நீங்க பாத்துகிறீங்களா சார்?"

அப்பா கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார். "பாடத்த கவனி. உக்காரு."

அதே வகுப்பில் நானும் இருந்தேன். முழு கிரகணம் கிடக்கட்டும், ஒரு கடி கடித்த சூரியனைக்கூட அப்பா நிமிர்ந்து பார்த்ததில்லை. அது ஏன் என்று அந்த வகுப்பில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

3

எண்பதாம் வருடம், எனக்கு எட்டு வயது. மேற்குத் தாம்பரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு வாடகைப் போர்ஷனில் இருந்தோம். பிப்ரவரி மாதத்தில் ஒரு பெரிய கிரகணம் வந்தது. நம் பக்கம் முழுதாக மறையாது, ஆனால் பெரும்பகுதி மறையும் என்றார்கள். அப்பாவுக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. சிம்னி விளக்கில் கண்ணாடித் துண்டுகளைக் காட்டிக் கரி பிடிக்க வைத்து, துணியில் சுற்றி அடுக்கினார். அந்தக் காலத்தில் அதைத்தான் சொன்னார்கள். இன்று யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்துவிடுங்கள் என்று பையன்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார்.

அப்போது அம்மா ஏழு மாதம். வயிற்றில் என் தங்கை சுதா.

கர்ப்பிணிமேல் கிரகணம் பட்டால் பிள்ளைக்குக் கண் தெரியாமல் போகும், கத்தி எடுக்கக்கூடாது, ஊசி நூல் தொடக்கூடாது என்று தெருவில் ஆளுக்கொன்று சொல்லி அம்மாவைக் கிலி பிடிக்க வைத்திருந்தார்கள். அப்பா கண்ணாடிக் கட்டைச் சைக்கிள் கேரியரில் வைத்துவிட்டார். அம்மா வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க போங்க. நான் ஒண்ணும் சொல்லல. என்னைய உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போங்க."

"பூட்டிட்டா? நான் என்ன ஜெயில் வார்டனா?"

"அப்ப உக்காருங்க."

அப்பா சைக்கிளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கண்ணாடிக் கட்டை இறக்கி உள்ளே வைத்தார்.

ஜன்னல் இடுக்கில் கோணி அடைத்தோம். தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை போட்டாயிற்று. வெளியே ஊரே இல்லை. எப்போதும் ஹாரன் ஓயாத ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. எலக்ட்ரிக் ட்ரெயின் மட்டும் போனது. உள்ளே ஆள் இல்லாத ட்ரெயினின் சத்தம் வேறு மாதிரி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா பாயில் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக மூடிப் படுத்திருந்தாள்.

அந்தக் கூரையில் ஆணி அடித்த ஓட்டைகள் நிறைய. வெயில் நேரத்தில் தரையெல்லாம் வட்ட வட்டமாக, காசு கொட்டிய மாதிரி வெளிச்சம் விழும். அதை மிதிக்காமல் தாண்டுவது என் விளையாட்டு. அன்றைக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்தக் காசுகளை யாரோ கடித்தார்கள். எல்லாவற்றையும், ஒரே பக்கத்தில். கொஞ்ச நேரத்தில் தரை முழுக்கப் பிறை. கதவைச் சாத்தி, கோணி அடைத்து, தர்ப்பை போட்ட வீட்டுக்குள் கிரகணம் ஓட்டை ஓட்டையாக இறங்கி வந்திருந்தது.

அதில் ஒன்று நகர்ந்து நகர்ந்து அம்மாவின் வயிற்றில் போய் விழுந்தது.

நான் வாயைத் திறந்தேன். அப்பா உதட்டில் விரலை வைத்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்து, அம்மா வயிற்றுக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையை நீட்டினார். பிறை அவர் கையில் விழுந்தது. அது நகர நகரக் கையும் நகர்ந்தது. கை வலித்தபோது மறு கைக்கு மாற்றினார். அந்தப் பிறை அவர் கையிலேயே மெலிந்து, நகக்கீற்று மாதிரி ஆகி, பிறகு மெல்லத் தடித்தது. அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கோயிலில்கூட.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

"ஈ ஓட்டுறேன்."

ஏப்ரலில் சுதா பிறந்தாள். இன்றைக்கு இன்ஜினியரிங் படிக்கிறாள். தெருமுனையில் பஸ் திரும்பும்போதே நம்பர் படித்துவிடுவாள். அப்பாவும் நானும் அந்த ஆணி ஓட்டை விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை, எங்களுக்குள்ளும் பேசிக்கொண்டதில்லை.

தொண்ணூற்றைந்தில், தீபாவளிக்கு மறுநாள், இன்னொரு கிரகணம் வந்தது. இந்தத் தடவை அப்பாவின் நட்சத்திரத்தில் பிடிக்கிறது என்று யாரோ சொல்ல, அம்மா நெற்றியில் பட்டம் கட்டிவிட்டாள். சுலோகம் எழுதிய ஓலைப் பட்டத்தோடு அப்பா சாத்திய அறைக்குள் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினார். நான் காலேஜ் முடித்த திமிரில் சிரித்தேன். "என்னப்பா, விஞ்ஞானி?" என்றேன். "அவ நிம்மதியா இருக்கட்டும்டா" என்றார். அவ்வளவுதான்.

4

இந்த வருடம், தொண்ணூற்றொன்பது ஆகஸ்டில், கிரகணம் மியூனிக்குக்கே வருகிறது என்று தெரிந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முழு கிரகணம், இரண்டு நிமிடச் சொச்சம். வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அதே நிழல் எங்களைத் தாண்டிக் கிழக்கே ஓடி, இரண்டு மணி நேரத்துக்குள் இந்தியாவில் இறங்குகிறது. தாம்பரத்தில் முழுதாக இல்லை, ஆனால் சாயங்காலம் சூரியன் நன்றாகவே கடிபடும். அப்பா வீட்டிலேயே இருக்கிறார். சொந்த வீடு, மொட்டை மாடி. நான் இரண்டு கண்ணாடியைத் தபாலில் அனுப்பினேன்.

என் கெட்ட நேரம், உமா அப்போது ஆறு மாதம்.

போனில் அம்மா சொன்னாள்: "கண்ணாடி வந்துது. பீரோல வச்சுப் பூட்டிட்டேன். சாவி என் இடுப்புல."

"அம்மா, உமா இங்க இருக்கா. அப்பா அங்க இருக்கார். அவர் பாக்கறதுல என்ன?"

"வம்சம் ஒண்ணுதானேடா. இங்க கதவைத் திறந்தா அங்க காத்தடிக்கும். அவளுக்குப் பிரசவம் ஆகற வரைக்கும் இந்த வீட்ல யாரும் எதையும் அண்ணாந்து பாக்க வேணாம். அவள வெளிய விட்டே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "விடுறா. நான் அப்புறம் டி.வி.ல பாத்துக்கறேன்." ரொம்ப லேசாகச் சொன்னார். 

உமா ஊரப்பாக்கத்துப் பெண். கெமிஸ்ட்ரி படித்தவள். கிரகணப் பயத்தையெல்லாம் என்னைவிட அதிகம் கிண்டல் பண்ணியவள். அவள் என் பக்கம் இருப்பாள் என்று நினைத்தேன்.

"நான் கார்லயே இருக்கேன்" என்றாள்.

"நீயுமா?"

"நம்பறேன்னு சொல்லல. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, அத்தை என்னைக் கேக்க மாட்டாங்க. நானே என்னைக் கேட்டுக்கிட்டே இருப்பேன். அது உங்களுக்குப் புரியாது. உங்க வயித்துல இல்ல."



கீழ்வீட்டில் எங்கள் வீட்டுக்காரம்மாள், எழுபது வயது, தனியாக இருக்கிறவர். தன் காரில் எங்களை நகருக்கு வெளியே ஒரு மேட்டுப் புல்வெளிக்குக் கூட்டிப்போவதாக முன்பே சொல்லியிருந்தார். உமா ஏன் காரை விட்டு இறங்க மாட்டாள் என்று கேட்டார். என் அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன். அவருக்கு என்ன போய்ச் சேர்ந்ததோ, மறுநாள் காலையில் உமாவின் கையில் ஒரு பெரிய ட்யூப் வெயில் கிரீமைத் திணித்து, காதுக்குப் பின்னாலும் மறக்காமல் தடவச் சொன்னார்.

5

கிரகணத்தன்று காலையில் மழை. புல்வெளியில் ஒரு கூட்டமே குடை பிடித்துக்கொண்டு நின்றது. காரின் பின் ஸீட்டில் உமா, ஜன்னலுக்கு ஜன்னல் போர்வை. நான் நனைந்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும். எந்த நொடியில் ஆரம்பம், எத்தனை டிகிரி, நிழலின் அகலம் என்ன. அப்பாவின் மகன் அல்லவா.

கடைசி நேரத்தில் மேகம் கிழிந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் சூரியன் ஒரு கீற்று. வெளிச்சம் குறைந்தது, ஆனால் சாயங்காலம் மாதிரி இல்லை. சாயங்காலத்துக்கு ஒரு மஞ்சள் உண்டு. இது ஈய நிறம். எல்லோர் முகத்திலும் ரத்தம் வற்றிய மாதிரி. காற்று குளிர்ந்தது. கீழே மேய்ந்த மாடுகள் வரிசையாகக் கொட்டகையைப் பார்த்து நடந்தன. மேற்கே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாதோ என்று இன்றும் தோன்றும். வானத்தின் அந்தக் கோடியிலிருந்து தரைக்கும் மேகத்துக்குமாக ஒரு இருட்டு எழுந்து, எங்களைப் பார்த்து ஓடி வந்தது. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய ஒன்று அந்த வேகத்தில் வரும்போது சத்தம் இருக்க வேண்டும்.

வந்து மோதியது. சூரியன் போய்விட்டது.

கண்ணாடியைக் கழற்றினேன். சூரியன் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு ஓட்டை. அதைச் சுற்றி வெள்ளை. மஞ்சள் இல்லை, வெள்ளை. அவிழ்ந்த முடி தண்ணீரில் மிதக்கிற மாதிரி இழை இழையாக, அசையாமல். பக்கத்தில் பட்டப்பகலில் வெள்ளி முளைத்திருந்தது. எட்டுத் திசையிலும் அடிவானத்தில் ஆரஞ்சு. எனக்குத் தெரிந்த ஒரு கணக்கும் அந்த நேரத்தில் என் உதவிக்கு வரவில்லை. இது திரும்பி வராது என்றுதான் உடம்பு நம்பியது.  குன்றத்தூர் படிகளை எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன், ஒருமுறைகூட உள்ளே எதுவும் அசைந்ததில்லை. இங்கே அன்னிய தேசத்து ஈரப் புல்லில் நின்று, "முருகா, முருகா" என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் எங்கோ தரையைப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. வீட்டுக்காரம்மாள் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஹெர் சோமசுந்தரம், மேலே பாருங்கள். மேலே."

அப்பாவின் பெயர். அந்த இருட்டில், அந்த வெள்ளைக்குக் கீழே, யாரோ அப்பாவைக் கூப்பிட்டு மேலே பார்க்கச் சொன்னார்கள். 

கார்க் கதவு திறக்கிற சத்தம். உமா வந்து என் கையைப் பிடித்தாள். போகச் சொல்லவும் முடியவில்லை, இருக்கச் சொல்லவும் முடியவில்லை. அவள் அண்ணாந்து பார்த்தாள். ஒரு கை என் கையில், ஒரு கை வயிற்றில்.

பிறகு ஓட்டையின் ஓரத்தில் ஒரு துளி வெளிச்சம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். சுற்றியிருந்தவர்கள் நாடகம் முடிந்த மாதிரி கை தட்டினார்கள். பாட்டில் திறந்தார்கள். எனக்குக் கால் சில்லென்றது. குனிந்து பார்த்தால் வெறுங்கால். ஷூ இரண்டும் ஓரமாக ஜோடி சேர்த்து வைத்திருந்தது. எப்போது கழற்றினேன் என்று சத்தியமாகத் தெரியாது.

"தனியா உக்கார முடியல. அது காருக்குள்ளயும் வந்துடுச்சு" என்றாள் உமா. கொஞ்சம் பொறுத்து, "அத்தை பயந்தது தப்பே இல்ல" என்றாள்.

எனக்கும் அதுதான் தோன்றியது. நான் இதை ஒரு நிகழ்ச்சி என்று நினைத்து டிக்கெட் வாங்காத குறையாக வந்து நின்றேன். அம்மாவுக்கு அது இவ்வளவு பெரியது என்று பார்க்காமலே தெரிந்திருந்தது.

6

மேட்டுக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கடையில் போன் இருந்தது. ஊரில் சாயங்காலம் ஐந்தாகப் போகிறது. அப்பாதான் எடுத்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன்பா."

"மேகம் இருக்கும்னு ரேடியோல சொன்னானே."

"கடைசில விலகிடுச்சு."

 பிறகு ரகசியம் கேட்கிற குரலில், "கரோனா?" என்றார்.

"வெள்ளைப்பா."

"என்னது?"

"மஞ்சள் இல்லப்பா. பால் வெள்ளை."

"முப்பது வருஷமா மஞ்சள்லயே போட்டிருக்கேனேடா" என்றார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "எவ்வளவு பசங்களுக்கு."

"அப்பா, அது இப்ப உங்க பக்கம்தான் வந்துக்கிட்டிருக்கு. எங்க தலைக்கு மேல போன அதே நிழல். மாடிக்குப் போங்கப்பா."

"எனக்கா சொல்லித் தர்ற. எத்தனை மணிக்கு எங்க இருக்கும்னு காலைலயே போட்டு வச்சிருக்கேன்." குரல் இறங்கியது. "அம்மா ராத்திரியிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கலடா. வேணாம் விடு."

உமா என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினாள். பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"மாமா, அத்தைகிட்ட குடுங்க." காத்திருந்தாள். "அத்தை, நான் பாத்துட்டேன். உமாதான். ஆமா. கார்லதான் இருந்தேன், இருட்டினதும் நானா இறங்கிட்டேன். அவரு கூப்பிடல. இல்ல அத்தை, மறைக்காம, முழுசா. வயித்தோடதான்." குரல் உடைந்தது, ஆனால் விடவில்லை. "என்ன ஆகணுமோ அது ஆயிடுச்சு அத்தை. இனிமே மாமாவ உள்ள பூட்டி வச்சு யாருக்கு என்ன?"

 உமா சொல்லாமல் இருந்திருந்தால் அம்மாவுக்குத் தெரியவே போவதில்லை. அப்பா ஒருவருக்காக இவள் பிரசவம் வரைக்குமான மூன்று மாதப் பயத்தை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள்.

"வச்சுட்டாங்க" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் வீட்டுக்காரம்மாள் காரின் கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். வீட்டுக்கு வந்து போன் போட்டால் எல்லா லைனும் நிரம்பி வழிகிறது. நான் கடிகாரத்தைப் பார்த்து நிழலைத் துரத்திக்கொண்டிருந்தேன். துருக்கி போயிருக்கும். ஈரான் போயிருக்கும். இப்போது தாம்பரத்தில் ஆரம்பித்திருக்கும், இப்போது பாதி கடித்திருக்கும், இப்போது சூரியன் இறங்கியிருக்கும். முடிந்திருக்கும். சுற்றிலும் சரிவான ஓட்டுக் கூரைகள். இந்த ஊரில் மொட்டை மாடியே கிடையாது. பிறக்கப் போகிற பிள்ளைக்கு அது என்ன என்று எப்படிச் சொல்வேன் என்று சம்பந்தமில்லாமல் யோசித்தேன்.

7

லைன் கிடைத்தபோது ஊரில் இருட்டியிருக்கும். அம்மா எடுத்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"குளிக்கிறாரு. கிரகணம் விட்டா குளிக்க வேணாமா?"

குரலில் கோபம் இல்லை. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

"அம்மா, உமா…"

"அவளப் பத்தி நீ பேசாத. அவகிட்ட நான் பேசிக்கறேன். குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கிட்டேன், அவன் பாத்துப்பான்." மூக்கை உறிஞ்சினாள். "போன வச்சுட்டு அடுப்பங்கரைல உக்காந்து அழுதேன். உங்கப்பா வந்து பக்கத்துல உக்காந்தாரு. எண்பதுல ஈ ஓட்டுறேன்னாரே, ஞாபகம் இருக்கா உனக்கு?"

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஈ இல்லியாம்டா. கூரை ஓட்டை வழியா அது என் வயித்து மேலயே விழுந்துதாம். இவரு கைல வாங்கிக்கிட்டாராம். இருபது வருஷமா வாயத் திறக்கல பாரு மனுஷன். உனக்கும் தெரியுமாமே?"

"தெரியும்மா."

"கூட்டுக் களவாணிங்க."

நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. உமா பக்கத்தில் வந்து ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டாள்.

"அப்புறம் சாவி கேட்டாரா?"

"அவரு எங்க கேட்டாரு. சுதா காலேஜ்லேர்ந்து வந்து நின்னா. அவ கண்ணப் பாத்தேன். எழுந்து போய் நானே பீரோவத் திறந்தேன்."

மாடியில் கேபிள் குமார் ஏற்கெனவே இருந்தானாம். அந்தப் பின் பெஞ்சுக் குமார்தான். இப்போது எங்கள் தெருவுக்கெல்லாம் கேபிள் கொடுக்கிறான். ஒயரைப் பார்க்க வந்தவன் அப்பாவின் கையில் கண்ணாடியைப் பார்த்ததும், "இன்னா சார், இன்னைக்குத்தான் பாக்கப் போறியா? கிளாஸ்ல குடுத்த பில்டப்புக்கு நீ டெய்லி பாக்குற ஆளுன்னு நென்ச்சிகினு இருந்தேன்" என்றானாம்.

"அப்பா என்ன சொன்னார்?"

"கண்ணாடியப் போட்டுக்கிட்டாரு. அவ்வளவுதான். அப்புறம் பேச்சே இல்ல. குமார்தான் தொணதொணன்னு பேசிக்கிட்டிருந்தான், 'சார், வந்துகீது சார், வந்துகீது சார்'னு. இவரு சிலை மாதிரி நின்னாரு. கழட்டினப்ப கண்ணெல்லாம் தண்ணி. கண்ணு கூசுதுன்னாரு."

"இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும்? நீ மாடிக்குப் போனியா?"

"நான் ஏன் போறேன்? துணி காயப் போட்டிருந்தேன். எடுக்கப் போனேன்."

"கிரகணத்தப்பவா?"

"விட்டுட்டு வந்தா, கிரகணம் புடிச்ச துணிய நீ வந்து தோச்சுத் தருவியா?"

உமா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கேட்டேன்: "பாத்தியாம்மா?"

"அந்தக் கண்ணாடிய நான் போடல. மேல பாக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதான்."  பின்னால் குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. "உங்கப்பா என் செயின்ல இருந்த ஊக்கக் கேட்டாரு. குடுத்தேன். ஏதோ கல்யாணப் பத்திரிகைல அதால ஒரு ஓட்டை போட்டாரு. வெயில்ல பிடிச்சாரு. இன்னொரு கைய நீட்டி, நீ மேல பாக்க வேணாம், இதப் பாருன்னாரு. அவர் கைல விழுந்துது."

"எப்படி இருந்துது?"

"சின்னதா. மங்கலா. இத்தனூண்டு. அவ்வளவு பெரிய சூரியன், பாவமா இருந்துதுடா." குரலைத் தாழ்த்தினாள். "அப்புறம் என் கையப் புடிச்சு, என் கைல போட்டாரு."

"அம்மா…"

"சுடுதான்னு கேட்டாரு. சுடல. ஆனா கைய மூடிக்கணும் போல இருந்துது."